வாசற்படிக்கு வெளியே ஐந்து பேர்

வீட்டிலேயே குழந்தைகள் காப்பகம் நடத்தத் தொடங்கிய முதல் ஆண்டில் ஒரு நாள் முற்பகல், தோட்டத்தில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தைகளை எண்ணியபோது நான்கு தலைகள்தான் தெரிந்தன. இருக்க வேண்டியவை ஐந்து. ஒன்றரை வயது நிறையாத ஒருவனைக் காணவில்லை. நான் அப்போது வேறெதிலும் மூழ்கியிருக்கவில்லை. அழுதுகொண்டிருந்த ஒருத்தியின் செருப்பு வாரைக் குனிந்து மாட்டிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். நிமிர்ந்து பார்த்தால் அவன் பிடித்திருந்த மஞ்சள் கரண்டி மணல்தொட்டியருகே கிடந்தது, அவன் இல்லை. எந்தப் பக்கமிருந்தும் சத்தமும் இல்லை. வீட்டின் பக்கச் சுவரை ஒட்டிக் குழாய் இருக்கும் மூலைக்கு ஓடினேன். முந்தின நாள் மாலை செடிகளுக்கு ஊற்றியது போக நாலு விரல் தண்ணீர் அடியில் மிச்சமிருக்க, நான் அப்படியே விட்டுவிட்ட வாளி அங்கே இருந்தது. அதன் விளிம்பை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு, தண்ணீரில் மிதந்த ஒரு காய்ந்த இலையை அவன் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். குதிகால்கள் தரையை விட்டு எழும்பியிருந்தன. சட்டையின் பின்புறத்தைப் பற்றி நான் தூக்கியபோது கோபம் தாங்காமல் அழுதான், இலை இன்னும் கைக்கு எட்டியிருக்கவில்லை என்பதால்.

அன்று மாலை அவனை அழைத்துப் போக வந்த அம்மாவிடம் நடந்ததை நடந்தபடியே சொன்னேன். திட்டுவாள், நாளை முதல் பிள்ளையை அனுப்ப மாட்டாள் என்று நினைத்திருந்தேன். அவள் சிறிது நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "எங்க வீட்டுலயும் வாளி அப்படித்தான் இருக்குக்கா" என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது.

அந்த வாளியைப் பற்றிப் பிறகு நிறைய யோசித்தேன். பிறந்த குழந்தையின் தலை அதன் உடல் நீளத்தில் ஏறத்தாழ கால் பங்கு. வளர்ந்தவர்களுக்கு அது எட்டில் ஒரு பங்குக்குச் சற்று மேல். நடை பழகும் குழந்தை இரண்டுக்கும் இடையில் இருக்கிறது, அதாவது உடலின் பாரம் மேற்பகுதியில் கூடியிருக்கிறது. வாளிக்குள் எட்டிப் பார்க்கும் குழந்தையின் தலை விளிம்பைத் தாண்டி உள்ளே போய்விட்டால், கால்கள் தாமாகவே மேலே எழும்புகின்றன. தன்னைத் தூக்கி வெளியே எடுத்துக்கொள்ளும் வலு அந்தக் கைகளுக்குக் கிடையாது. அடி அகலமான கனத்த வாளி கவிழ்ந்து கொடுக்கவும் செய்யாது. மூக்கும் வாயும் மூழ்குவதற்கு ஐந்து சென்டிமீட்டர் தண்ணீர் போதும். நீரில் மூழ்கும் சிறு குழந்தை கத்துவதுமில்லை, கைகால்களை அடித்துத் தண்ணீரைச் சிதறடித்து நம்மை அழைப்பதுமில்லை. அது சத்தமின்றி, ஓரிரு நிமிடங்களுக்குள் முடிந்துவிடக்கூடிய விஷயம். "சத்தம் வந்தால் ஓடிப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்ற நினைப்பில் அதுவரை நான் செய்துவந்த அத்தனையும் அன்றே தவறாகிப் போயின.

இப்போது என் தோட்டத்தில் தண்ணீர் தேங்கும் பொருள் எதுவும் நிமிர்ந்து இருப்பதில்லை. வாளி, குவளை, பூந்தொட்டியின் அடித்தட்டு எல்லாம் கவிழ்த்தே கிடக்கும். மழை பெய்த மறுநாள் பொம்மை லாரியின் பின்பெட்டியைக்கூடச் சாய்த்து வடித்துவிடுகிறேன். தண்ணீரில் விளையாட விடுவதை நான் நிறுத்தவில்லை, ஏனெனில் இந்த வயதுக் குழந்தைக்கு அதைவிடப் பெரிய மகிழ்ச்சி எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. தட்டையான தொட்டியில் தண்ணீர் ஊற்றி வைக்கும் அரை மணி நேரமும் நான் அதன் அருகிலேயே, கையை நீட்டினால் ஒவ்வொரு குழந்தையையும் தொடும் தூரத்தில் தரையில் உட்கார்ந்திருப்பேன். விளையாட்டு முடிந்ததும் முதல் வேலையாகத் தொட்டியைக் கவிழ்த்துவிட்டுத்தான் துண்டை எடுக்கப் போவேன்; அந்த வரிசை மாறக் கூடாது என்பதற்காகத் துண்டுகளைத் தொட்டியருகிலேயே கொண்டுவந்து வைத்துக்கொள்ளவும் பழகிவிட்டேன்.

குழந்தைகள் வருவதற்கு அரை மணி நேரத்துக்கு முன்பு தினமும் ஒரு முறை தோட்டத்தைச் சுற்றி வருகிறேன். வாரத்தில் ஒரு நாளாவது முழங்காலிட்டு, சில இடங்களில் தவழ்ந்தே சுற்றுகிறேன். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு இது வேடிக்கையாகத்தான் இருக்கும். ஆனால் நின்றபடி பார்க்கும்போது தெரியாதவை தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் பளிச்சென்று தெரிகின்றன: சறுக்குமரத்தின் அடிப்பக்கத்தில் புதிதாகக் கட்டத் தொடங்கிய குளவிக்கூடு, வேலிப் பலகையிலிருந்து துருத்திக்கொண்டிருக்கும் ஆணி, மண்ணில் பாதி புதைந்த கண்ணாடிச் சில்லு, யாரோ வேலிக்கு அப்பாலிருந்து வீசிய சிகரெட் துண்டு. இவற்றைக் கண்டுபிடிப்பதில் குழந்தைகள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள், கண்டுபிடித்ததை முதலில் வாயில் வைத்துத்தான் ஆராய்வார்கள்.

வாயில் போகக்கூடியது எது என்பதற்கு என்னிடம் ஓர் எளிய அளவுகோல் உண்டு. கழிப்பறைக் காகிதச் சுருள் தீர்ந்தபின் மிஞ்சும் அட்டைக் குழாயை எடுத்து வைத்திருக்கிறேன். அதற்குள் நுழையும் எந்தப் பொருளும் தோட்டத்தில் இருக்கக் கூடாது. மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கான பொம்மைகளைச் சோதிக்கப் பயன்படும் உருளையின் விட்டம் ஏறத்தாழ 3.2 சென்டிமீட்டர்தான். அட்டைக் குழாய் அதைவிடச் சற்று அகலம் என்பதால் தவறினாலும் பாதுகாப்பான பக்கமே தவறும். பந்துகளுக்கு மட்டும் இன்னும் கடுமையாக இருக்க வேண்டியிருக்கிறது, ஏனெனில் உருண்டையான பொருள் தொண்டையை முழுவதுமாக அடைத்துவிடும். 4.4 சென்டிமீட்டரைவிடச் சிறிய பந்து இந்த வயதுக்கு ஆகாது என்பது பொதுவான அளவு. நான் என் உள்ளங்கைக்குள் மறையும் பந்து எதையும் வைத்துக்கொள்வதில்லை. வெடித்த பலூனின் துண்டும், விளக்கு எரியும் பொம்மைகளுக்குள் இருக்கும் பொத்தான் பேட்டரியும் கூழாங்கல்லைவிட மோசமானவை. முன்னது மூச்சுக்குழாயில் ஒட்டிக்கொண்டு எடுக்க வராது. பின்னது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திற்குள்ளேயே அதை அரித்துவிடக்கூடும். ஆகையால் என் வீட்டுத் தோட்டத்தில் பிறந்தநாள் பலூனுக்கு இடமில்லை.

செடிகளைப் பொறுத்தவரை நான் ஒரு முறை வருத்தப்பட்டுத்தான் முடிவெடுத்தேன். இந்த வீட்டுக்கு வந்தபோது வேலியோரம் அரளி அடர்ந்து பூத்திருந்தது. அதன் இலை, பூ, தண்டு எல்லாமே நச்சு, இதயத் துடிப்பையே குலைக்கக்கூடிய நச்சு. அதை வேரோடு எடுத்த அன்று தோட்டம் மொட்டையாகத் தெரிந்தது. ஆமணக்கின் விதையும் ஊமத்தையின் காயும் அதே வரிசையைச் சேர்ந்தவை. குன்றிமணி இவற்றைவிட ஏமாற்றக்கூடியது, ஏனெனில் சிவப்பும் கறுப்புமாக அந்த விதை பொறுக்கச் சொல்லியே அழைக்கிறது. முழுதாக விழுங்கினால் கடினமான ஓட்டோடு வெளியேறிவிடவும் கூடும், கடித்து மென்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து. தங்கள் தோட்டத்தில் இருக்கும் ஒவ்வொரு செடியின் பெயரும் தெரியாதவர்கள், தெரிந்தவர் ஒருவரை அழைத்து ஒரு மாலை சுற்றிக் காட்டிக் கேட்டுக்கொள்வது நல்லது.

மணல்தொட்டிக்கு மூடி வேண்டும் என்பதைப் பூனைகள்தாம் எனக்குக் கற்றுக்கொடுத்தன. அதைப் பற்றி விரிவாக எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன்.

வேலி பற்றி எழுதியே ஆக வேண்டும். பெரும்பாலான பெற்றோர் முதல் நாள் வந்ததும் வேலியின் உயரத்தைத்தான் பார்க்கிறார்கள். 1.2 மீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் இரண்டு வயதுக் குழந்தை உயரமான வேலியை ஏறித் தாண்டுவதைவிட இடுக்கில் நுழைவதற்குத்தான் முயலும். ஏறத்தாழ 9 சென்டிமீட்டருக்கும் 23 சென்டிமீட்டருக்கும் இடைப்பட்ட திறப்புகள்தாம் அச்சமூட்டுபவை. அதைவிடக் குறுகியதில் உடல் நுழையாது, அதைவிட அகலமானதில் தலையும் சேர்ந்து வெளியே வந்துவிடும். இடைப்பட்டதில் கால் நுழைகிறது, இடுப்பு நுழைகிறது, தலை மட்டும் மாட்டிக்கொள்கிறது, கால் தரையில் ஊன்றாவிட்டால் கழுத்தில் பாரம் இறங்குகிறது. இதே அளவை வேலிக்கு மட்டுமல்லாமல் ஏணிப் படிகளுக்கு இடையிலும், சறுக்குமர மேடையின் கைப்பிடிக் கம்பிகளுக்கு இடையிலும் ஒரு முறையாவது அளந்து பார்க்க வேண்டும். நான் அளந்தபோது, நல்ல விலை கொடுத்து வாங்கிய மேடையிலேயே ஓர் இடைவெளி 11 சென்டிமீட்டர் இருந்தது. ஒரு பலகை வைத்து அடைத்தேன். வேலியை ஒட்டி நாற்காலியோ கவிழ்த்த தொட்டியோ கிடந்தால், உயரமான வேலியும் குட்டை வேலியாகிவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கேட்டின் தாழ்ப்பாள் குழந்தைகளின் கைக்கு எட்டாத உயரத்தில், உள்பக்கமாக இருக்கிறது. விட்டுவிட்டால் தானே சாத்திக்கொண்டு தானே மாட்டிக்கொள்ளும்படி சுருள்வில் பொருத்தியிருக்கிறேன். இதற்கு மேல் எனக்கு இன்னொரு காவலும் இருந்தது: அதன் கீல் துருப்பிடித்து, திறக்கும் ஒவ்வொரு தடவையும் தெருக்கோடி வரை கேட்கும்படி கிறீச்சிடும். வருகிறவர்கள் எல்லாரும் காதைப் பொத்திக்கொள்வார்கள். நான் அதற்கு வேண்டுமென்றே எண்ணெய் விடாமல் வைத்திருந்தேன்.

வேலியும் தாழ்ப்பாளும் அவற்றின் வேலையைச் செய்யட்டும். தோட்டத்தில் மிக எளிதாகப் பழுதுபடும் பொருள் என் கவனம்தான் என்பதை அந்த வாளி எனக்குக் காட்டிவிட்டது. அது முற்பகலில் நன்றாக இருக்கும், நண்பகலுக்குச் சற்று முன்பு தேயத் தொடங்கும், யாராவது ஒருவர் அழுதால் முழுவதும் அந்த ஒருவர் பக்கம் சாய்ந்துவிடும். மற்ற நால்வரும் அந்த நொடியில்தான் தங்கள் வேலையைப் பார்க்கிறார்கள். எனவே செருப்பு மாட்டிவிடக் குனிவதென்றாலும், மூக்கைத் துடைத்துவிடுவதென்றாலும், முதுகைச் சுவர் பக்கமாக வைத்து முகம் தோட்டத்தைப் பார்க்கும்படி திரும்பிக்கொண்டுதான் செய்கிறேன். ஓரிடத்தில் நாற்காலி போட்டு உட்காருவதில்லை. சறுக்குமரமும் மணல்தொட்டியும் ஒரே பார்வையில் விழும் இடம் என் தோட்டத்தில் ஒன்றுதான் உண்டு; அங்கே வளர்ந்திருந்த புதரைக் கத்தரித்து இன்னும் கொஞ்சம் விரிவாக்கிக்கொண்டேன். தொலைபேசி அவசர அழைப்புக்காக இடுப்புப் பையில் இருக்கும், மணி அடித்தால் எடுப்பதில்லை. பெற்றோர்களிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுவதால் இப்போது யாரும் அந்த நேரத்தில் அழைப்பதில்லை. பிள்ளை சறுக்கும் படம் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு மட்டும் சற்று ஏமாற்றம்தான்.

எண்ணுவதிலும் ஒரு பிசகு இருக்கிறது என்பது பின்னால்தான் புரிந்தது. ஒரு மாலை ஐந்து என்று எண்ணி நிம்மதியாக இருந்தேன்; உண்மையில் தோட்டத்தில் இருந்தவர்கள் என் குழந்தைகள் நால்வரும், தங்கையை அழைத்துப் போக அம்மாவுடன் வந்திருந்த ஓர் அண்ணனும். ஐந்தாமவள் வீட்டுக்குள் போய்க் கட்டிலடியில் பொம்மை தேடிக்கொண்டிருந்தாள். எண் சரியாக இருந்தது, ஆள்தான் தவறு. அன்றிலிருந்து தலைகளை எண்ணுவதை விட்டுவிட்டு ஒவ்வொரு முகத்தையும் பார்த்து அதற்குரிய பெயரை மனத்துக்குள் சொல்லிக்கொள்கிறேன். வாசற்படி தாண்டும்போது ஒரு முறை, வெளியே இருக்கும் நேரத்தில் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை, உள்ளே வந்து கதவைச் சாத்துவதற்கு முன் ஒரு முறை. படி தாண்டும் அந்த இரண்டு பொழுதுகளும்தான் குழந்தை விடுபட்டுப்போக அதிக வாய்ப்புள்ளவை, ஏனெனில் பாதிப் பேர் உள்ளே, பாதிப் பேர் வெளியே, ஒருவருக்குத் தொப்பி இல்லை, ஒருவருக்குச் சிறுநீர் வந்துவிட்டது என்று நான் நாலு பக்கமும் இழுபடும் நேரம் அது.

டயப்பர் மாற்ற வேண்டியிருந்தால் என்ன செய்வீர்கள் என்று புதிதாகக் காப்பகம் தொடங்கும் பெண்கள் என்னிடம் கேட்பதுண்டு. தனியாளாக இருக்கும் நாளில் ஒருவருக்காக எல்லாரும் உள்ளே போவோம், மறுபடியும் எல்லாரும் வெளியே வருவோம். மணலில் பாதி தோண்டிய குழியை விட்டுவிட்டு வருவதற்கு அவர்களுக்கு மனமிருக்காது, ஒரு பாட்டம் அழுகை உண்டு. மழையில்லாத நாட்களில் நிழலில் ஒரு பாயை விரித்து அங்கேயே மாற்றிவிடப் பழகிக்கொண்டேன், அப்போதும் முகம் தோட்டத்தைப் பார்த்தபடிதான்.

இரண்டாம் ஆண்டில் உதவிக்கு ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொண்டேன். வேலை பாதியாகக் குறையும் என்று எதிர்பார்த்த எனக்கு, முதல் மாதத்தில் முழங்கால் சிராய்ப்புகள் கூடியதுதான் ஆச்சரியம். காரணம் எளியது: அவள் பார்த்துக்கொள்வாள் என்று நானும், நான் பார்த்துக்கொள்வேன் என்று அவளும் நினைத்திருந்தோம். பிறகு தோட்டத்தை இரண்டாகப் பிரித்து, சறுக்குமரப் பக்கம் ஒருவர், மணல் பக்கம் ஒருவர் என்று வைத்துக்கொண்டோம். இடத்தை விட்டு நகர்கிறவர் "நான் உள்ளே போறேன், மூணு பேரும் உன் பக்கம்" என்று சொல்ல வேண்டும். மற்றவர் "சரி, மூணு பேரும் என் பக்கம்" என்று வாய்விட்டுப் பதில் சொன்ன பிறகுதான் கால் நகர வேண்டும். தலையசைப்பு கணக்கில் சேராது. கேட்பவர்களுக்கு நாடக வசனம் போலத் தோன்றினாலும் நாங்கள் இருவரும் இதில் விட்டுக்கொடுப்பதில்லை.

விளையாட்டுப் பொருள்களில் நான் அதிகம் தவறு செய்தது சறுக்குமரத்தில். பயப்படும் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சேர்ந்து சறுக்குவது அன்பான செயல் என்றுதான் நானும் நம்பிக்கொண்டிருந்தேன். குழந்தை தனியாகச் சறுக்கும்போது அதன் செருப்பின் அடி பக்கவாட்டில் உரசி நின்றுவிட்டால் குழந்தையும் நின்றுவிடும், அவ்வளவுதான். பெரியவர் மடியில் இருக்கும்போது கால் மட்டும் நிற்கிறது, பெரியவரின் எடை முழுவதும் கீழே போய்க்கொண்டே இருக்கிறது, நடுவில் அந்தச் சிறிய காலெலும்பு முறுக்கிக்கொள்கிறது. நடை பழகும் வயதில் கணுக்காலுக்கு மேலே எலும்பு முறிந்து வரும் குழந்தைகளில் பலருக்கு இப்படித்தான் நேர்கிறது என்று முதலுதவி வகுப்பில் கேட்ட அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதுவரை எத்தனை முறை மடியில் வைத்துச் சறுக்கியிருப்பேன் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

சறுக்குமரத்தில் ஏறும் முன் கழுத்துத் துணி, தொப்பியின் நாடா, சட்டையின் கழுத்துக் கயிறு ஆகியவற்றைக் கழற்றிவிட வேண்டும், ஏனெனில் மேலே எங்காவது ஒரு முனையில் மாட்டிக்கொண்டால் கீழே சறுக்கும் உடலின் எடையே கழுத்தை இறுக்கிவிடும். மிதிவண்டித் தலைக்கவசத்தையும் அதே காரணத்துக்காகக் கழற்ற வேண்டும். சறுக்குமரத்தின் கீழே புல்தரை இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். காலடி பட்டு இறுகிய புல்தரை விழும் குழந்தைக்கு ஏறத்தாழக் கட்டாந்தரைதான். நான் மரச்சீவல்களை ஏறத்தாழ 23 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கொட்டி, எல்லாப் பக்கமும் 1.8 மீட்டர் வரை பரப்பியிருக்கிறேன். சறுக்கி வந்து இறங்கும் இடத்தில் அது நாள்தோறும் குழியாகிவிடும், நாள்தோறும் வாரி நிரப்ப வேண்டும். கூழாங்கல் அழகாக இருக்கும், ஆனால் அட்டைக் குழாய்ச் சோதனையில் அது தோற்றுவிடுகிறது. ஊஞ்சலைப் பற்றிச் சொல்வதானால், அதில் ஆடும் குழந்தையைவிட அதன் குறுக்கே நடந்து வரும் குழந்தைக்குத்தான் ஆபத்து அதிகம். என் ஊஞ்சல் தோட்டத்தின் கடைக்கோடி மூலையில், யாரும் குறுக்கே போக வேண்டிய தேவையில்லாத இடத்தில் தொங்குகிறது. குதித்து விளையாடும் துள்ளுவலை (டிராம்போலின்) கேட்கிறவர்களுக்கு ஆறு வயதுக்குப் பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிடுகிறேன்.

வெயில் நாட்களில், காலை பத்து மணி முதல் மாலை நான்கு மணி வரை சூரியனின் புற ஊதாக் கதிர்கள் கடுமையாக இருக்கும் என்பதால், அதற்கு முன்போ பின்போதான் வெளியே விடுகிறேன். மூடாக்கு நாட்களிலும் தொப்பி உண்டு. வெயில்காப்புக் களிம்பு பூசுவதற்குப் பெற்றோரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொண்டு, வெளியே போகக் கால் மணி நேரம் முன்பே பூசி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடியும் பூசுகிறேன். ஆறு மாதம் நிறையாத குழந்தை இருந்தால் நேர் வெயிலே கிடையாது, நிழல் மட்டும்தான். தள்ளுவண்டியின் மேல் துணி போர்த்தினால் நிழலாகிவிடும் என்று நினைப்பதும் தவறு, உள்ளே காற்று அடைபட்டு வெப்பம் ஏறிக்கொண்டே போகும். உலோகம் சுடும் என்பது எல்லாருக்கும் தெரியும். பிளாஸ்டிக் சறுக்குமரமும் ரப்பர் தரையும்கூட மிதமான நாளிலேயே தோலைப் பொசுக்கும் அளவுக்குச் சூடேறும் என்பது பலருக்குத் தெரியாது. புறங்கையை ஐந்து நொடி வைத்துப் பார்க்கிறேன், என்னால் வைத்திருக்க முடியாவிட்டால் அன்றைக்கு அது மூடப்படும். சூடான இடத்தில் உட்கார்ந்த பெரியவர் துள்ளி எழுவார். ஒன்றரை வயதுக் குழந்தை பல வேளைகளில் அங்கேயே உட்கார்ந்துகொண்டு அழும், அதற்குள் அதன் மெல்லிய தோல் கொப்புளித்துவிடும். தாகமாக இருக்கிறது என்று அவர்களாகக் கேட்கவும் மாட்டார்கள், ஆகவே இருபது நிமிடத்துக்கு ஒரு முறை எல்லாரையும் நிழலுக்கு அழைத்துத் தண்ணீர் கொடுக்கிறேன். முகங்களைப் பார்த்துப் பெயர் சொல்லிக்கொள்ளவும் அதுவே வசதியான நேரம்.

இவ்வளவும் படித்துவிட்டு, குழந்தைகளை நான் கட்டிப்போட்டு வைத்திருப்பதாக யாரும் எண்ணிவிட வேண்டாம். அவர்கள் ஏறுகிறார்கள், குதிக்கிறார்கள், விழுகிறார்கள். நான் வைத்திருக்கும் ஒரே விதி, தானாக ஏற முடியாத உயரத்தில் எந்தக் குழந்தையையும் தூக்கி வைக்கக் கூடாது என்பதுதான். தானே ஏறிய குழந்தைக்கு எந்தப் படியில் கால் வைத்தோம், எங்கே பிடித்தோம் என்பது உடம்பிலேயே பதிந்திருக்கும். இறங்கவும் ஓரளவு தெரியும். நாம் தூக்கி வைத்த குழந்தைக்கு அது தெரியாது. ஒரு தந்தைக்கு இதில் என் மேல் மனத்தாங்கல். அவருடைய மகள் மூன்று வாரமாக முதல் படியிலேயே நின்று திரும்பிக்கொண்டிருந்தாள், மற்றவர்கள் எல்லாம் சறுக்கும்போது அவளை ஒரு முறை மேலே ஏற்றிவிட்டால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டார். நான் மறுத்துவிட்டேன். நான்காவது வாரம் ஒரு காலையில் அவள் மூன்றாம் படி வரை போய், அங்கிருந்து வயிற்றைப் படியில் உரசிக்கொண்டு பின்னோக்கி இறங்கினாள். அவளுக்குப் பின்னால் இரண்டு கைகளையும் விரித்தபடி, தொடாமல், நான் நின்றுகொண்டிருந்தேன்.

அப்படி நிற்கும்போது "பாத்து, விழுந்துடுவே!" என்று கத்தக் கூடாது என்பதையும் அவளிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன். என் உதவியாள் ஒரு முறை அப்படிக் கத்தியபோது அவள் காலைப் பார்ப்பதற்குப் பதிலாகக் குரல் வந்த திசையைத் திரும்பிப் பார்த்தாள், அந்தத் திரும்பலில்தான் கை வழுவியது. இப்போது நாங்கள், "கால் எங்க இருக்கு பாரு", "இன்னொரு கையால பிடிச்சுக்கோ" என்று செய்ய வேண்டியதை மட்டும் சொல்கிறோம். அவசரத்தில் சொல்ல ஒரு சொல்லும் தேவைப்படுகிறது. "போகாதே" என்று சொன்னால் இந்த வயதுக்குப் பாதிதான் காதில் விழும், அதுவும் "போ" என்ற பாதி. ஆகவே தினமும் ஐந்து நிமிடம் ஒரு விளையாட்டு உண்டு: நான் கை தட்டும் வரை எல்லாரும் ஓடலாம், "நில்" என்றால் சிலையாக நிற்க வேண்டும். அவர்களுக்கு அது வெறும் வேடிக்கை. ஒரு நாள் கேட் திறந்திருந்த வேளையில் பந்து தெருப்பக்கம் உருண்டபோது, அதன் பின்னால் ஓடியவனை அந்த ஒரு சொல் நிறுத்தியது. ஒற்றைக் காலைத் தூக்கியபடி அப்படியே நின்று, பாராட்டுக்காக என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

அடிபடும் நாட்களும் உண்டு. சிறிய சிராய்ப்பைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவினால் போதும். தேனீ கொட்டினால் கொடுக்கை உடனே சுரண்டி எடுத்துவிட்டு, அடுத்த அரை மணி நேரம் உதடும் முகமும் வீங்குகின்றனவா, மூச்சு திணறுகிறதா என்று கவனிக்க வேண்டும். அப்படி ஏதாவது தெரிந்தால் அவசர ஊர்தியை அழைப்பதில் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. தலையில் அடிபட்டால், நினைவு தப்பியதா, மீண்டும் மீண்டும் வாந்தி வருகிறதா, எழுப்ப முடியாத அளவுக்குத் தூங்கி வழிகிறதா, வலிப்பு வந்ததா, காதிலிருந்தோ மூக்கிலிருந்தோ தெளிந்த நீர் வடிகிறதா என்று பார்க்கிறேன். இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவமனைதான். எதுவும் இல்லாவிட்டாலும் பெற்றோரை உடனே அழைத்துச் சொல்லிவிடுவேன், இரவில் கவனிக்க வேண்டியவர்கள் அவர்கள் என்பதால். எந்த அடியானாலும் எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், எப்படி நடந்தது என்பதை ஒரு நோட்டில் எழுதி, அழைத்துப் போக வருபவரிடம் கையெழுத்து வாங்குகிறேன். அந்த நோட்டைப் புரட்டியபோதுதான் ஒரே மாதத்தில் மூன்று பேர் ஒரே கல்லில் தடுக்கி விழுந்திருப்பது தெரிந்தது.

தொண்டையில் அடைத்துக்கொண்டால் செய்ய வேண்டியதைப் படித்துத் தெரிந்துகொள்வது போதாது, கை பழகியிருக்க வேண்டும். குழந்தை பலமாக இருமிக்கொண்டிருந்தால் இரும விட வேண்டும், கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டுத் துழாவக் கூடாது. இருமவோ அழவோ முடியாமல் போனால் முதுகில் ஐந்து தட்டு. அதன் பிறகு ஒரு வயதுக்குட்பட்டதானால் மார்பில் ஐந்து அழுத்தம், அதற்கு மேற்பட்டதானால் வயிற்றில் ஐந்து அழுத்தம், அடைப்பு வெளியேறும் வரை மாறி மாறி. இதை எழுதும்போதே என் கைகள் வகுப்பில் பயன்படுத்திய பொம்மையின் எடையை நினைத்துக்கொள்கின்றன. இரண்டாண்டுக்கு ஒரு முறை அந்த வகுப்புக்குத் திரும்பப் போகிறேன்.

நாளின் கடைசி அரை மணி நேரம், பெற்றோர் ஒவ்வொருவராக வரும் நேரம், எனக்கு இன்றும் படபடப்பானது. கேட் திறந்து திறந்து மூடுகிறது, வண்டிகள் வந்து திரும்புகின்றன, அம்மாவைக் கண்ட குழந்தைக்கு வேறு எதுவும் கண்ணில் படுவதில்லை. பின்னோக்கி வரும் காருக்கு நேர் பின்னால் நிற்கும் குழந்தை ஓட்டுநரின் எந்தக் கண்ணாடியிலும் தெரியாமல் போகலாம். எனவே கேட்டுக்கு உள்ளே, என் கையிலிருந்து பெற்றோர் கைக்கு மாறிய பிறகுதான் குழந்தை எனக்குக் கணக்கிலிருந்து கழியும். "அவனே ஓடி வந்துடுவான், விடுங்க" என்று காரில் இருந்தபடியே கூப்பிடுகிறவர்களிடம் இறங்கி வரச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. காரில் இன்னொரு கைக்குழந்தை இருந்தால் அதையும் தூக்கிக்கொண்டே உள்ளே வரச் சொல்கிறேன். ஒரு நிமிட வேலைதானே என்பார்கள். பேச்சு வளர்ந்து அது பத்து நிமிடமாவதை நான் தினமும் பார்க்கிறேன், வெயிலில் மூடிய காருக்குள் அந்தப் பத்து நிமிடத்தில் வெப்பம் பத்து டிகிரிக்கு மேல் ஏறிவிடும்.

போன மாதம் அப்படி ஒரு மாலையில் பேத்தியை அழைத்துப் போக வந்த தாத்தா ஒருவர், சட்டைப் பையிலிருந்து ஒரு சிறிய எண்ணெய்க் குப்பியை எடுத்து, கேட்டின் மேல் கீலுக்கும் கீழ்க் கீலுக்கும் நிதானமாக எண்ணெய் விட்டு, துணியால் துடைத்து, நான்கைந்து முறை திறந்து மூடிக் காட்டினார். மூச்சுக்கூட விடாமல் அது திறந்தது. "ரொம்ப நாளா செய்யணும்னு நெனச்சிருந்தேன்மா" என்றார். நான் நன்றி சொன்னேன். மறுநாள் காலை, குழந்தைகள் வருவதற்கு முன், கேட்டின் மேல் சட்டத்தில் ஒரு பித்தளை மணியைக் கட்டினேன்.